கட்டை விரலும் சாம்பல் டப்பாவும்

முதலில் நான் என்னென்ன செய்து முடித்தவன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு என் கட்டை விரலைப் பற்றிச் சொன்னால்தான் அந்த விரலின் தகுதி உங்களுக்குப் புரியும்.

பெரணமல்லூர் பக்கம் ஒரு சிற்றூரில், ஒரு சாண் நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆரணிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை இரண்டு சட்டைகள். அதில் ஒன்று அண்ணனுடையது. நெசவுக் குடும்பத்தில் பிறக்காதவனுக்கு இழை பிடிபடாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டிலிருந்தே பின்னால் எனக்கு ஆள் வந்தது: "கொஞ்சம் வந்து பாவு பிணைச்சிட்டுப் போங்க." வீடு கட்டினேன், மாடியோடு. மாடிப்படி உள்பக்கமாக இருக்கிறது, மழையில் நனையாமல் ஏறலாம். இரண்டு பெண்களைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தேன். பாவு பிணைக்கிறவர்களில் முதன்முதலாக மொபெட் வாங்கியவன் நான்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள். ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் என் விரல் படாத பட்டுத் தறி மிகக் குறைவு. நான் பிணைத்த பாவில் ஓர் இழைகூட நழுவியதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேலை எப்படி நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சங்க மலரை உங்கள் வீட்டுக்கு விருந்து வந்த மாப்பிள்ளையும் புரட்டுவார். அவருக்காக நாலு வரி. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், நெய்து தீர்ந்ததும் அதன் நுனிகளை அச்சு என்கிற சீப்பிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு சேர்த்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் திருகிவிட வேண்டும். பட்டு வழுக்கும். அதனால் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வோம். முடிச்சு கிடையாது, பசை கிடையாது, திருகல் மட்டும்தான். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒன்று மாறினால் நிறம் மாறும். ஒன்று நழுவினால் புடவையில் கோடு விழும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வாயே திறக்க மாட்டார். நான் இழையைத் தவறாக எடுத்தால் என் காதைப் பிடித்துத் திருகுவார். எவ்வளவு அழுத்தம், எத்தனை சுற்று என்பதை நான் அந்தக் காதின் வழியாகத்தான் கற்றேன்.

கல்யாணமான பிறகு என் மனைவி சரோஜாவும் என்னோடு தறியில் உட்கார்ந்தாள். புடவையின் உடல் பகுதி அவளுக்கு. இரண்டு பக்கக் கரைகளும் எனக்கு. கரையில்தான் ஜரியும் வேறு நிறங்களும் வரிசை மாறாமல் வர வேண்டும். அதை நான் யாரையும் தொட விட்டதில்லை. கரை முடிந்ததும் எழுந்து டீ குடிக்கப் போவேன். சரோஜா நிமிராமலேயே சொல்வாள்: "பொறுமையா குடிச்சிட்டு வாங்க. இன்னொண்ணு வேணும்னாலும் குடிங்க. ஒண்ணும் அவசரமில்ல." இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று டீக்கடையில் நான் பெருமையடித்ததுண்டு. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து வருஷம் முன்னால் கட்டை விரலின் அடியில் நோவு வந்தது. முதலில் ஊறுகாய் பாட்டில் திறக்க வரவில்லை. மூடி செய்தவனைத் திட்டினேன். அடுத்து வாசல் குழாய் திரும்ப மறுத்தது. குழாய் வைத்தவனைத் திட்டினேன். அதற்கடுத்து பூட்டு. ஒரு நாள் சரோஜா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூடி, கொழாய், பூட்டு எல்லாத்துக்கும் ஒரே வருஷத்துல கேடு வருமா? உங்க வெரலுக்குத்தான் வந்துகீது. டாக்டராண்ட போங்க."

"பாவு பிணைக்கிற விரல். அதுக்கு ஒண்ணும் ஆவாது."

"பாவு பிணைக்கிற வெரலுக்குத்தான் ஆவும். எனக்கு வராதது நான் கரை பிணைக்காததாலயா?"

அதில் ஏதோ குத்தல் இருந்த மாதிரி தோன்றியது. ஆனால் அப்போது விளங்கவில்லை. பிறகும் இரண்டு வருஷம் வீம்பாக ஓட்டினேன். கடைசியில் வேலூருக்குப் போனோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். கட்டை விரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் ஒரு குட்டி எலும்பு. அதன் மேலே இருந்த மெத்தை தேய்ந்து போய், எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது.

"இந்த எலும்ப எடுத்துடலாம்ங்க," என்றார். "உங்க முன்கையில இருந்தே ஒரு நாரை எடுத்து, சுருட்டி அந்த எடத்துல வெச்சு, கட்டிடுவோம்."

"பிணைக்கிறீங்க."

"ஆமா, ஒரு வகையில பிணைக்கிறதுதான்."

"இன்னா முடிச்சு போடுவீங்க?"

அவர் பேனாவை நிறுத்தினார். "ஐயா என்ன வேலை செய்றீங்க?"

சொன்னேன். ஒரு பாவுக்கு எத்தனை தடவை திருகுவேன் என்பதையும், எத்தனை வருஷமாக என்பதையும் சொன்னேன். அவர் பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டார். "இந்த எலும்பு இத்தனை நாள் உங்களோட இருந்ததே பெரிய விஷயம்," என்றார். எனக்கு யாரும் கொடுக்காத பட்டத்தை அந்த டாக்டர் அன்று கொடுத்தார் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கிடையாது. தோளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்தார்கள். முகத்துக்கும் கைக்கும் நடுவில் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். கை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வாய் என் பக்கத்தில் இருந்தது. அங்கேதான் அவர்கள் தவறு செய்தார்கள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்று போன ஒரு கட்டத்தில், நார் கட்டுகிற நேரம் வந்துவிட்டது என்று நானே புரிந்துகொண்டேன்.

"டாக்டர், வழுக்குதுங்களா?"

"ஐயா, நீங்க பேசாம படுங்க."

"வழுக்கினா ஒரு துளி சாம்பல் தொட்டுக்கலாம்."

யாரோ ஒரு நர்ஸ் சிரித்தாள். "இங்க சாம்பல் எல்லாம் கெடையாதுங்க," என்றார் டாக்டர்.

"அப்போ கட்டிட்டு ஒரு தடவ இழுத்துப் பாருங்க. கண்ணால பாத்து நம்பாதீங்க. இழுத்துப் பாத்துட்டு விடுங்க."

 திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் சொன்னார்: "இழுத்துப் பாத்துட்டேன். நிக்குது."

கவனியுங்கள். நான் சொன்னேன், அவர் செய்தார். மூன்றாவதாக ஒரு யோசனை சொல்ல வாயெடுத்தேன். மயக்க மருந்துக்கார அம்மா, "ஐயாவுக்குத் தூங்கறதுக்கு ஒண்ணு போட்டுடட்டுங்களா?" என்று கேட்டார். "ஜல்தியா போடுங்க," என்றார் டாக்டர். அந்த மூன்றாவது யோசனை என்ன என்பது எனக்கே இப்போது நினைவில்லை. மருத்துவத்துக்கு அது நஷ்டம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் அறுத்தவர் பெயர், உதவியவர் பெயர், மயக்க மருந்து கொடுத்தவர் பெயர் எல்லாம் இருந்தன. நோயாளி என்ற இடத்தில் மட்டும் என் பெயர். போகட்டும் என்று அப்போது விட்டுவிட்டேன்.

முதலில் மாவுக்கட்டு. அதைப் பிரித்ததும் ஒட்டுப் பட்டைகளோடு ஒரு கவசம். கைப்பயிற்சி சொல்லித் தரும் பெண் இரண்டு கட்டளை போட்டாள். "கை எப்பவும் நெஞ்சுக்கு மேல இருக்கணும், இல்லன்னா வீங்கும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து ஆறு வாரத்துக்கு எதையும் கிள்ளக் கூடாது. ஒரு பேப்பரைக்கூட."

"மனுஷன?"

"மனுஷனையும்தான்."

அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே சரோஜா கேட்டாள்: "மீறிக் கிள்ளினா இன்னா ஆவும்மா?"

"உள்ள கட்டின நார் தளர்ந்துடும். மறுபடி மொதல்லேர்ந்து வரணும். ரெண்டாவது தடவ இவ்ளோ நல்லா வரும்னு சொல்ல முடியாது."

நெஞ்சுக்கு மேல் என்றால் நான் தலைக்கு மேலேயே தூக்கிவிட்டேன். சொன்னதைவிட ஒரு படி அதிகம் செய்தே முன்னுக்கு வந்தவன் நான். வேட்டி கட்ட ஒரு கை போதாமல் இடுப்பில் பெல்ட் போட்டேன். இடது கையால் சாப்பிட மனம் ஒப்பாமல் ஸ்பூனால் இட்லியைத் துரத்தினேன். சரோஜா ஊட்டிவிட வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, தயிர் வாங்கப் போனேன். கடை மெயின் ரோட்டில். ஓரமாக நின்றேன், கை மேலே. ஒரு பஸ் வந்து எனக்கு முன்னால் நின்றது. படியில் கண்டக்டர்.

"ஏறு பெருசு, ஏறு."

"நான் நிறுத்தலப்பா."

"பின்ன நானா கையத் தூக்கினேன்? இவ்ளோ உசரத் தூக்கி நிறுத்திட்டு, இன்னாத்த பாத்துகினு கீற? பின்னாடி வண்டி நிக்குது பாரு."

பஸ் முழுவதும் என்னையே பார்த்தது. ஜன்னலோரம் என் பழைய வாடிக்கைக்காரர் ஒருவரும் இருந்தார். கை வைத்தியம் பற்றி அத்தனை பேருக்கும் விளக்குவதா, ஏறிவிடுவதா? ஏறிவிட்டேன்.

"எங்க?"

"இது எங்க போவுது?"

"போளூர்."

"அதான். போளூர் ஒண்ணு."

போளூர் போய்ச் சேர்ந்தபோது சரோஜாவிடமிருந்து போன். "தயிர் வாங்கப் போய் ஒரு மணி நேரமாவுது. எங்க கீறீங்க?"

"போளூர்ல."

"தயிருக்கா?" என்றாள்.

தயிர் வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். நல்ல கெட்டித் தயிர். ஆனாலும் சொல்கிறேன், தவறான பஸ்ஸை நிறுத்திவிட்டால் நிறுத்தவில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுங்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக ஏறாதீர்கள். நம் தொழிலில் இதைவிடப் பெரிய புத்தி எதுவும் கிடையாது. இதை எழுதுகிற நானே பத்து நாளுக்குள் மறுபடியும் ஏறினேன்.

நாலாம் வாரம் முள்ளிப்பட்டு ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தான். வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்தான். இருபத்தைந்து வருஷமாக வீட்டுத் தறியில் மற்றவர் வீட்டுக் கல்யாணத்துக்கே புடவை நெய்து கொடுத்தவன். அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகளின் முகூர்த்தப் புடவையைத் தன் தறியிலேயே, தன் கையாலேயே நெய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. பாவு தயார். இந்த வாரம் பிணைத்தால்தான் முகூர்த்தத்துக்கு முன்னால் புடவை தறியை விட்டு இறங்கும். தள்ளிப்போனால் பெண் கடைப் புடவை கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டியதுதான்.

அந்தப் பெண் பிறந்திருந்தபோது அவன் தறியில் நான் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். "இவளோட கல்யாணப் பொடவைக்கும் என் கைதான்," என்று அன்றே சொல்லிவைத்தேன். எனக்குக் கைராசி உண்டென்று முள்ளிப்பட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதை அவன் மறக்கவில்லை.

"வேற ஆள வெச்சிக்கலாம்னுதான் மொதல்ல பாத்தேண்ணே," என்று என் கவசத்தைப் பார்த்தபடியே இழுத்தான். "பொண்ணு ஒத்துக்கல. நீங்க சொன்ன வார்த்தைய சொல்லிச் சொல்லியே வளத்துட்டோம். உங்களால முடியலன்னா சொல்லுங்க, நான் எப்படியாவது..."

"முடியாதுன்னு யாரு சொன்னா? புதன்கிழமை காலையில வரேன்."

"கையி?"

"கை அதுபாட்டுக்கு இருக்கும். நீ தறியத் தொடச்சி வையி."

அவன் முகம் மலர்ந்து போனான். சமையலறையில் ஒரு பாத்திரம் ஓசையோடு வைக்கப்பட்டது. பின்னாலேயே சரோஜாவின் குரல்: "ஏறிட்டீங்களா? இந்த பஸ்ஸும் போளூர்தான் போவும்."

என் திட்டம் இதுதான். தறியில் உட்கார்ந்ததும் கவசத்தைக் கழற்றுவது. கரைகளை மட்டும் நான் பிணைப்பது, உடல் பகுதி சரோஜாவுக்கு. முடிந்ததும் கவசத்தை மாட்டிக்கொள்வது. டாக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு நாள் கிள்ளினால் என்ன ஆகிவிடும்?

புதன்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் போனோம். மடியில் சாம்பல் டப்பா. இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவது? வறட்டி எரித்துச் சலித்த சாம்பலை நான் எப்போதும் வீட்டிலிருந்தே கொண்டுபோவேன்.

தறிக்கு முன்னால் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். ஏகாம்பரம் ஒரு பக்கம் நின்றான். கல்யாணப் பெண் கதவோரம் நின்றாள். அரக்கு நிற உடல், பச்சைக் கரை, கரையின் நடுவில் ஜரி. அவளே தேர்ந்தெடுத்த நிறங்கள். நான் இடது கையால் கவசத்தின் ஒட்டுப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். 'சர்ர்' என்று சத்தம் வந்தது. அடுத்த பட்டை, 'சர்ர்'. உள்ளேயிருந்து என் கட்டை விரல் வெளியே வந்தது. வெளுத்து, இளைத்து, அடியில் தழும்போடு, வேறு யாரோ ஒருவருடைய விரல் மாதிரி இருந்தது.

ஓர் இழை மட்டும் திருகிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். என்னை எனக்குத் தெரியும். ஒன்று நூறாகும், நூறு ஆயிரமாகும். இன்னொரு பக்கம், எழுந்தால் இத்தனை வருஷம் சொல்லிவந்த வார்த்தை போகும். உட்கார்ந்தால் ஒன்று விரல் போகும், அல்லது தெம்பில்லாத விரலால் திருகிய இழை நழுவி அந்தப் பெண்ணின் புடவையில் கோடு விழும். மூன்றில் எது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சரோஜா வாய் திறந்தாள்.

"கழட்டுங்க. நல்லா கழட்டுங்க. உள்ள டாக்டரு கட்டி வெச்சாரே, அந்த நாரையும் அவுத்துக் குடுத்துட்டுப் போயிடலாம். ஏகாம்பரம் மொய்யில எழுதிக்கட்டும்."

கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ கரைய யாரு பிணைக்கிறது?" என்றேன்.

"தள்ளி உக்காருங்க."

நான் அசையவில்லை. ஏகாம்பரம்தான் ஒரு வழி சொன்னான். "அண்ணே, மொத இழை மட்டுமாவது உங்க கை படட்டும். பொண்ணுக்கு அது போதும்." கவசத்தை மாட்டிக்கொண்டேன். பழைய இழையையும் புது இழையையும் என் இடது கை விரல்கள் சேர்த்துப் பிடித்தன. சரோஜா சாம்பல் தொட்டு, தன் வலது கட்டை விரலால் திருகினாள். முதல் இழை முடிந்தது. அதற்கு மேல் அவள் என்னை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். சாம்பல் டப்பாவை என் இடது கையில் கொடுத்தாள். வலது கை மேலே தூக்கியபடி, இடது கையில் டப்பாவோடு நான் நின்ற கோலத்தை யாரும் படமெடுக்காதது நல்லதாகப் போயிற்று.

அவள் கரையில் இறங்கினாள். நான் மேற்பார்வையில் இறங்கினேன்.

"பச்சை ரெண்டு எடுத்ததும்..."

"தெரியும்."

"அடுத்தது ஜரி, அத்த விட்டுடாத..."

"தெரியும்ங்க."

"நடுவுல ஒரு இழை மாத்தி வரும்..."

"அதுவும் தெரியும்."

அவள் விரல்கள் என் வாயைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. இருபது வருஷம் கரையைத் தொடாதவளின் விரல் அப்படிப் போகாது.

"ஏய், உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அடுத்த ஜரி இழையை எடுத்தாள். ஏகாம்பரம் குலுங்கிச் சிரித்தான். "இன்னாண்ணே தெரியாத மாதிரி கேக்கிறீங்க? ரெண்டு வருஷமா கரைய அண்ணிதானே..." சரோஜா நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவன் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரப் போனான்.

"இன்னா சொல்றான் அவன்?"

"நீங்க டீக்குப் போவீங்கல்ல," என்றாள், திருகிக்கொண்டே. "அப்ப இழுத்துப் பாப்பேன். நழுவறத மட்டும் மறுபடி திருகி வெப்பேன்."

"எவ்ளோ நழுவும்?"

"மொதல்ல பத்து, இருபது. அப்புறம் பாதி."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் ரெண்டு டீ பத்தல."

நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை தறிகள், எத்தனை டீ. பொறுமையாகக் குடித்துவிட்டு வாருங்கள் என்று அவள் சொன்னதை நான் எங்கெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். டீக்கடைக்காரருக்கும் விஷயம் தெரிந்திருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க இன்னும் அழுத்தித் திருகியிருப்பீங்க. வெரல் அப்பவே போயிருக்கும்." அடுத்த இழையைத் திருகினாள். "அதுவுமில்லாம டீ குடிச்சிட்டு வரும்போது நீங்க சந்தோஷமா வருவீங்க."

கோபித்துக்கொண்டு வெளியே போவதற்கு அது நல்ல தருணம். ஆனால் வெளியே போனால் டீக்கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் நின்றுவிட்டேன்.

என் வேலை தொடங்கியது அதற்குப் பிறகுதான். மதியம் ஏறியது. இழை பறக்கும் என்று மின்விசிறி போடவில்லை. சரோஜாவின் விரல் வியர்த்தது. ஒரு கரை முடிந்து உடல் பகுதிக்கு வந்திருந்தாள். வாய்க்கு வேலை இல்லாததால் என் கண் கூர்மையாகிவிட்டிருந்தது. திருகிய இடம் சாம்பல் பூத்து மங்கலாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரமாக அது பளபளவென்று இருந்தது.

"நிறுத்து," என்றேன்.

"பேசாம நில்லுங்க."

"நிறுத்திட்டு இழுத்துப் பாரு. கண்ணால பாத்து நம்பாத."

அவள் சலித்துக்கொண்டே ஓர் இழையை இழுத்தாள். வந்துவிட்டது. அடுத்தது, அதுவும் வந்தது. மூன்றாவதும் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சாம்பல் ஈரமாகியிருந்தது. அவள் விரலின் வியர்வை டப்பாவுக்குள் போய்ப் போய், அடியில் களி மாதிரி ஒட்டிக்கிடந்தது.

அன்றைக்கு முள்ளிப்பட்டில் வேறு சாம்பல் கிடையாது. நான் ஏகாம்பரத்தின் சமையலறைக்குள் நுழைந்தேன். தோசைக்கல்லை அடுப்பில் வைக்கச் சொன்னேன். சாம்பலை அதில் கொட்டி, இடது கையில் கரண்டியோடு, வலது கை கூரையைப் பார்த்தபடி, வறுத்தேன். கல்யாணப் பெண் தன் துப்பட்டாவைக் கொண்டுவந்து விரித்தாள். அதில் போட்டு இருவருமாகச் சலித்தோம். "பெரியப்பா, என் கல்யாணத்துக்கு மொத சமையல் நீங்கதான்," என்றாள் அவள். நழுவிய இழைகளை சரோஜா தேடி எடுத்து மறுபடி திருகினாள். அதன் பிறகு டப்பாவை அவள் பக்கத்தில் வைக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை அளவு சாம்பலை ஸ்பூனில் எடுத்து நான் நீட்டுவேன், அவள் தொட்டுக்கொள்வாள். இட்லி துரத்திப் பழகிய இடது கைக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பாவு முடிந்தது. பிணைப்பை மெல்ல இழுத்து அச்சைத் தாண்டவிட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சமும் அச்சுக்குள் நுழைந்து வெளியே வரும்வரை யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சாட்சிக்கு ஏகாம்பரம் இருக்கிறான். ஓர் இழையும் நழுவவில்லை.

ஆறு வாரம் முடிந்து வேலூர் போனபோது டாக்டர் என் விரலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். "நல்லா கட்டுப்பாடா இருந்திருக்கீங்க," என்றார். சரோஜா ஜன்னல் பக்கம் பார்த்தாள். இப்போது ஊறுகாய் பாட்டிலை நானே திறக்கிறேன். அவள் முன்கூட்டியே தளர்த்தி வைக்கிறாளோ என்று ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. கேட்கவில்லை.

பாவு பிணைப்பதை நான் நிறுத்திவிட்டேன். போன் வருவது நிற்கவில்லை. எடுத்தால், "அண்ணி கீறாங்களா?" என்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். திருகியதும் இழுத்துப் பாருங்கள், டாக்டரே இழுத்துப் பார்த்தார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்னொரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னால், ஒரு நாளாவது போகாமல் இருந்து பாருங்கள். தொடக்கத்தில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வாக்கியத்தில் 'நான் பிணைத்த' என்பதை அடித்துவிட்டு 'நாங்கள் பிணைத்த' என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். மொபெட் என்னுடையதுதான்.

ஏகாம்பரம் மகள் கல்யாணத்தில் அரக்குப் புடவையைப் பார்த்தவர்கள் எல்லாம் யார் பாவு என்று கேட்டார்கள். அவன் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "சரோஜா அண்ணி பிணைச்சது," என்றான். உண்மைதான். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் அங்கேயே நிறுத்திக்கொண்டான். நான் மூன்றாவது பந்தி வரைக்கும் காத்திருந்தேன், அவன் மேலே சொல்லவில்லை.

ஆகவே இந்த மலரில் அச்சாகட்டும். மருத்துவமனைத் தாளில் விட்டதுபோல இங்கே விட முடியாது. அந்தப் பாவில் முதல் இழை பாதி என்னுடையது. சாம்பல் முழுவதும் என்னுடையது. கேட்கிறவர்களுக்கு முதலில் சரோஜா பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, என் பெயரையும் சொல்லுங்கள்.